கலப்பத்து அடித்த கரை

போன மாதம் எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஓர் இளம் பொறியாளர் ட்ரோனில் எடுத்த வீடியோ ஒன்றைப் போட்டிருந்தாள். நான் ஓய்வு பெற்றும் அந்தக் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை; நானாக விலகும் எண்ணமும் இல்லை. யாரோ ஒரு பணக்காரர் தன் பண்ணை வீட்டில் படகு விடுவதற்காக ஓடையை மறித்துச் சின்னதாக ஓர் அணை கட்டியிருக்கிறார். ட்ரோன் கரைமேல் பறந்து, இறங்கி, சினிமா கதாநாயகியைச் சுற்றுவதுபோல் சுற்றி வந்தது. கீழே அவள் எழுதியிருந்தாள்: கரை முழுக்கக் காய்ந்திருக்கிறது, ஒரு சொட்டுக் கசிவு இல்லை, சூப்பர் கண்டிஷன். ஆளாளுக்குக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்பது என் வீட்டுக்காரரின் கருத்து. அன்று காரணம் இருந்தது. அந்தப் பெண்ணைப் போனில் பிடித்து, "ஏளா, கரையடியில செருப்பக் கழத்திட்டு நடந்தியா?" என்று கேட்டேன். ட்ரோனுக்குக் கால் இல்லையே மேடம் என்று சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்று அவளே கேட்டாள். போனில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அவளுக்காக எழுதுவதை மற்றவர்களும் படிக்கலாம்.

நான் உடன்குடிக்காரி. பெயர் செல்வக்கனி. அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். நான் சிவில் படித்த காலத்தில் வகுப்பிலிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் அடங்கிவிடுவோம். பாசனத் துறையில் வேலை கிடைத்தது. வெயில் காலத்தில் எஸ்டிமேட், மழைக்காலத்தில் மணல்மூட்டை, நடுவில் கிடைத்த நேரத்தில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று முதல் பாதி ஓடிவிட்டது. பிரிவு அலுவலகங்களில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. தண்ணீர்த் துறையில் வேலை பார்த்துக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த ஆள் நான். அந்த வருஷங்களைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அப்புறம் சென்னியப்பன் சார் எங்களுக்குச் செயற்பொறியாளராக வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட இளையவர். நேராகப் பெரிய நாற்காலிக்கு வந்தவர் என்பதால் வந்த அன்றே மனதுக்குள் அவருக்கு ஒரு மார்க் போட்டேன். நல்ல மார்க் இல்லை. அவர் யாரிடமும் 'ங்க' இல்லாமல் பேச மாட்டார். டிரைவரிடம், டீக்கடைக்காரரிடம் எல்லாம் அப்படித்தான். ஒருமுறை கரைமேல் வழியை மறித்து நின்ற எருமையிடமும் கொஞ்சம் நகருங்க என்றார். எருமை நகர்ந்தது.

அவர் ஒரு கரையைப் பார்க்கிற முறையை நான் அவருக்குத் தெரியாமல் கவனித்துக் கற்றுக்கொண்டேன். கேட்டுக் கற்பதற்கு அப்போது எனக்கு ரோஷம் இடம் தரவில்லை. முதலில் கரை உச்சியில் ஒரு நடை. எங்காவது வெடிப்பு ஓடுகிறதா, எங்காவது தணிந்திருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்து தண்ணீர்ப் பக்கத்துச் சரிவு, அங்கே கல் பெயர்ந்திருக்கிறதா, எலி வளை இருக்கிறதா என்று. அடுத்து கலிங்கு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற வாசல் அது. அங்கே உடைமரம் முளைத்திருக்கிறதா, மீன் போய்விடாமலிருக்க யாராவது வலை கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பார்.

தண்ணீருக்கு மறுபக்கத்துக் கரையடியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார். அங்கே வந்ததும் ஷூவைக் கழற்றி, சாக்ஸைச் சுருட்டி அதற்குள் வைத்து, பேன்ட்டை மடித்துவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெறுங்காலோடு நடப்பார். கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிகிற மண் காலுக்குச் சில்லென்று இருக்கும். அப்படி ஓர் இடம் கிடைத்தால் அங்கே தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். அந்த டம்ளர் எப்போதும் பையில் துண்டு சுற்றி இருக்கும். தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை, மண்கரை என்றால் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும். கலங்கலாக இருந்தால் கரைக்குள்ளிருந்து மண் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எந்தக் கரைக்குப் போனாலும் மதியச் சாப்பாடு கரையடியில்தான். தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய். அந்தக் கரைக்குப் பொறுப்பான ஆள் யாரோ அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார். நிழலில் உட்காரக் கூடாதா சார் என்று ஒருநாள் கேட்டேன். "இங்க உக்காந்து சாப்பிட்டாத்தானுங்க, தலைக்கு மேல எத்தனை தண்ணி நிக்குதுன்னு வயித்துக்குத் தெரியும்" என்றார். அன்றைக்கு அவருடைய மார்க்கைத் திருத்தினேன்.

இனி தொம்மை அண்ணாச்சி. தூத்துக்குடியில் தோணிக் குடும்பம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், செங்கல், சிமென்ட் என்று ஏற்றிப்போகிற பெரிய மரத்தோணிகள் அவர் தாத்தா காலத்திலிருந்து அவர்களிடம் உண்டு. வயது ஏற ஏற அண்ணாச்சிக்குக் கடல் அலுத்துவிட்டதாம். நாசரேத்துக்குத் தெற்கே, செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரிக்காட்டு ஓரத்தில் நிலம் வாங்கி, இரண்டு செம்மண் மேடுகளுக்கு நடுவே ஓடுகிற ஓடையை மறித்துக் கரை போட்டு, ஏரி உண்டாக்கி, பக்கத்தில் குடில்களும் கட்டியிருந்தார். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அலைகிற ஊரில் படகுச் சவாரி! ஐப்பசி மாதம் ஒருநாள் லட்டு டப்பாவோடு எங்கள் ஆபீஸுக்கு வந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா, சர்ச்சிலிருந்து பங்குச்சாமியார் வந்து படகை மந்திரிக்கிறார், நீங்களும் வரவேண்டும் என்றார். அப்படி ஓர் ஏரி இருப்பதே அந்த லட்டு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பீர்கள். பெரிய அணைகளுக்குச் சட்டம் உண்டு. ஒருவர் தன் சொந்த நிலத்தில் நாலு ஆள் உயரத்துக்குப் போடும் கரை அந்தச் சட்டத்தின் கண்ணிக்குள் புகுந்து வெளியே வந்துவிடும். பண்ணைக்குட்டை என்று சொல்லி எங்கோ ஒரு அனுமதி வாங்கியிருந்தார். குட்டை வளர்ந்து ஏரியாகிவிட்டது. ஓடையை மறித்ததற்கு நோட்டீஸ் விடலாம். விட்டால் அவர் கோர்ட்டுக்குப் போவார். கோர்ட் முடிவு சொல்வதற்குள் மழை வந்துவிடும். சார் யோசித்துப் பார்த்துவிட்டு, விருந்தாளியாகவே போய்ப் பார்த்துவிடலாமுங்க, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே போய்விடலாம் என்றார்.

அண்ணாச்சிக்கு நாங்கள் வந்ததில் ஏகப்பட்ட சந்தோஷம். முதலில் படகைக் காட்டினார். அது அவர் அப்பா சங்கு குளிக்கப் போன வள்ளம். மன்னார் வளைகுடாவில் எத்தனையோ வருஷம் மிதந்த மரம். பழுது பார்த்து, நீலமும் வெள்ளையும் அடித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஏரியில் இறக்கியிருந்தார். கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி அதைத் தடவிக்கொண்டே பேசினார். அப்பா முகம் தனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, இந்த வள்ளத்தின் வாசம் ஞாபகம் இருக்கிறது என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போனது. பிடித்துப் போனவர்களிடம்தான் எனக்குக் கோபமும் அதிகம் வரும்.

அடுத்ததாக, தானே பெருமையோடு கரையைக் காட்டினார். தண்ணீர் இல்லாத வெளிப்பக்கச் சரிவு முழுக்கக் கருங்கல் பாவியிருந்தது.

"நடுவுல ஒரு கசிவு வந்துது மேடம். கட்டுன கான்ட்ராக்டர் கைய விரிச்சிட்டான். நான் நம்ம தோணி ஆட்களக் கூட்டியாந்து கலப்பத்து அடிச்சிட்டேன். இப்பப் பாருங்க, துணிய வச்சித் தொடச்சாக்கூட ஈரம் ஒட்டாது."

தூத்துக்குடியில் இருந்தவர்களுக்குக் கலப்பத்து தெரியும். தோணியின் பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியை உளிவைத்து அடித்து இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி மேலே பூசுவது. பூசியபின் கடல் உள்ளே வராது. அந்த வேலையைத்தான் அந்த ஆட்கள் கருங்கல் இடுக்குகளில் செய்திருந்தார்கள். வேலை படு சுத்தம், குறை சொல்ல முடியாது. கல்லுக்குக் கல் கோடு போட்ட மாதிரி இருந்தது.

சென்னியப்பன் சார் ஷூவைக் கழற்றினார். நடந்தார். கரையடி முழுக்க உண்மையிலேயே காய்ந்திருந்தது. கோடி வந்த பிறகும் அவர் நிற்கவில்லை. வேலியைத் தாண்டி, ஓடைச் சரிவில் இறங்கி நடந்துகொண்டே இருந்தார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓர் இடத்தில் அவர் நின்றார். நானும் அங்கே காலை வைத்தேன். ஐப்பசி வெயிலில் தேரி மண் அப்படிச் சில்லென்று இருக்க நியாயமே இல்லை. எதிரே கூப்பிடு தூரத்தில் பத்துப் பதினைந்து ஓட்டு வீடுகள். அதில் ஒரு வீட்டுப் புழக்கடை மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது.

அது பேச்சியம்மாவின் வீடு. பனையோலைப் பெட்டி முடைகிற பெண், ஆடும் வளர்க்கிறாள், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் கேட்பதற்கு முன்னால் அவளே புழக்கடைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். தரையிலிருந்து ஓர் ஊற்று கொப்பளித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி மணல் வட்டமாக வரம்பு கட்டியிருந்தது. வரம்பின்மேல் மஞ்சள், குங்குமம், அரளிப்பூ, ஓர் அகல் விளக்கு. ஊர்ப் பெண்கள் வந்து கும்பிட்டுவிட்டு ஒரு குடம் எடுத்துப் போகிறார்களாம். அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று பேச்சியம்மா சொன்னாள். அந்தத் தண்ணீரில் வெண்டையும் தக்காளியும் போட்டிருந்தாள். வெண்டை நன்றாகவே காய்த்திருந்தது.

சார் முதலில் ஊற்றைக் கும்பிட்டார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவளிடம் கேட்டு எடுத்தார். வெயிலுக்குத் தூக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பேச்சியம்மா கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவருவதற்குள் டம்ளர் அடியில் செம்மண் தடிமனாகப் படிந்துவிட்டது. இந்த ஊற்று எப்போது வந்தது என்று சார் கேட்டார். மேலே ஏரியில் வந்து டொக்கு டொக்கு என்று கல்லில் அடித்தார்களே, அதற்கு அப்புறம்தான், நாளுக்கு நாள் வளர்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இவ்வளவுதான். கரைக்குள் புகுந்த தண்ணீர் கல் இடுக்குகள் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அந்த வாசலை அண்ணாச்சி அடைத்துவிட்டார். உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் கரைக்கு அடியில் வழி தேடி, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு பேச்சியம்மாவின் புழக்கடையில் தலையைத் தூக்கியிருக்கிறது. ஏரியில் தண்ணீர் ஏறினால் உள்ளே அழுத்தம் ஏறும், அரிப்பும் ஏறும். ஒருநாள் அந்தச் சின்ன வழி பெரிய வழியாகும். கரை உட்காரும். அதற்குமேல் அந்தப் பதினைந்து வீட்டுக்காரர்களுக்கு எழுந்து ஓடவும் நேரம் இருக்காது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது என்று அன்று காலையில்தான் செய்தி வாசித்திருந்தார்கள்.

மேலே திரும்பிப் போய், ஏரித் தண்ணீரைப் பாதிக்குமேல் குறைக்க வேண்டும், இன்றைக்கே மதகைத் திறந்துவிடுங்கள் என்று சார் பதமாகச் சொன்னார். மதகும் கசிந்தது சார், அதையும் சேர்த்து அடைத்துவிட்டேன் என்றார் அண்ணாச்சி. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பம்பு வைத்தாவது இறையுங்கள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. தண்ணீர் குறைந்தால் வள்ளம் சேற்றில் உட்கார்ந்துவிடும், ஒருபக்கம் சாய்ந்து பலகை பிளந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை சாமியார் எதை மந்திரிப்பார், தெரு முழுக்க அழைத்திருக்கிறேன் என்று அடுக்கினார்.

"நடுக்கடல்ல சொழலியப் பாத்தவன் நான். இந்தக் குட்டையா மேடம் என்ன முழுங்கப் போவுது?"

"ஒங்கள முழுங்காது அண்ணாச்சி. நீங்க மேல இருக்கிய. முழுங்குனா பேச்சியம்மாவத்தான் முழுங்கும்."

இப்படிப் பேசினால் மனிதர்கள் இறங்கி வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசுவேன். அண்ணாச்சி விறைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து சார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பசிக்குதுங்க, சாப்பிட்டுட்டுப் பேசலாமுங்களா, கீழே அந்தம்மா வீட்டில் நல்ல இடம் இருக்கிறது என்றார். விருந்தாளி பசிக்கிறது என்று சொன்ன பிறகு எந்தத் தூத்துக்குடிக்காரர் சும்மா இருப்பார்? சமையல்காரரை விட்டுச் சோறும் சீலாமீன் குழம்பும் கீழே கொண்டுவரச் சொன்னார். பேச்சியம்மா ஓலைப்பாய் விரித்துப் போட்டாள். ஊற்று ஒருபக்கம் கொப்பளிக்க, முன்னால் கரை எழுந்து நிற்க, எல்லோரும் உட்கார்ந்தோம்.

சார் அவர்பாட்டுக்குத் தயிர்சாதத்தைச் சாப்பிட்டார். அண்ணாச்சியின் கண் இரண்டு மூன்று தடவை கரைக்குப் போய்வந்தது. பக்கத்தில் பேச்சியம்மாவின் ஆட்டுக்குட்டி ஒன்று அவர் வேட்டியைக் கடித்துப் பார்த்தது. நான் பொறுத்துப் பார்த்தேன். பொறுக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, தோணிக்குள்ள தண்ணி வந்தா கலப்பத்து எந்தப் பக்கம் அடிப்பிய?"

"வெளிப்பக்கம். இது என்ன கேள்வி?"

"உள்பக்கம் அடிச்சா என்ன?"

"உள்பக்கம் அடிச்சா தண்ணி பஞ்சத் தள்ளிட்டுல்லா வரும். இல்லன்னா பலகைக்குள்ளயே ஊறி வேற எடத்துல பொத்துக்கிட்டு வரும். எந்தக் கிறுக்கன் உள்பக்கம் அடிப்பான்?"

"வெளிப்பக்கம்னா தண்ணி நிக்க பக்கம்தான?"

"ஆமா."

"இங்கன தண்ணி எந்தப் பக்கம் நிக்கி?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. கரையைப் பார்த்தார். தன் ஆட்கள் கோடு போட்ட மாதிரி அடைத்த கல் இடுக்குகளைப் பார்த்தார். திரும்பி ஊற்றைப் பார்த்தார், பேச்சியம்மாவைப் பார்த்தார், வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். சின்னக் குரலில் சொன்னார்.

"அப்ப நாம இருக்கது தோணிக்கு உள்ள."

எழுந்து கை கழுவினார். போனை எடுத்தார். அதற்குப்பிறகு அங்கே நாங்கள் யாரையும் அவசரப்படுத்த வேண்டியிருக்கவில்லை. சாயந்திரத்துக்குள் துறைமுகத்திலிருந்து அவருடைய தோணி ஆட்கள் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். தோணிக்குள் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்புகள், பாம்பு பாம்பாக ஹோஸ் பைப்புகள். கரைமேல் குழாயைப் போட்டு, கலிங்குப் பக்கம் ஓடையில் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார்கள். ஒரு சாண் குறைக்கச் சம்மதிக்காத மனிதர் இப்போது முழு ஏரியையும் விடிவதற்குள் காலி பண்ணிவிட வேண்டும் என்று நின்றார். சார்தான் தடுத்தார். வேகமாக வற்றவிட்டால் தண்ணீரில் ஊறிய உள்பக்கச் சரிவு வழுக்கிவிடும், நிதானமாகத்தான் இறக்க வேண்டும் என்று, பம்பு பம்பாகப் போய்ப் பாதியை நிறுத்தி வைத்தார். அண்ணாச்சி அவர் பின்னாலேயே போய்க் கெஞ்சினார். எனக்கு அதைப் பார்க்க நன்றாக இருந்தது.

ஊற்று வேலை என் பொறுப்பு. ஊற்றை அடைக்கக் கூடாது. தண்ணீர் வெளியே வரலாம், மண் வரக்கூடாது. அதற்கு முதலில் பருமணல் ஓர் அடுக்கு, அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி. மணல் உள்ளிருக்கும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், ஜல்லி மணலைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் மட்டும் சலித்து வரும். இதை நான் பேச்சியம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஜல்லி லாரி வந்துவிட்டது. அவள் ஊற்றின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"சாமி மூஞ்சியிலயா ஜல்லியக் கொட்டப் போறிய? எம் மேல கொட்டிட்டு அப்பறம் கொட்டுங்க."

சட்டம் பேசினேன், மழை வருகிறது என்றேன், உன் பிள்ளைகளை நினைத்துப் பார் என்றேன். அசையவில்லை. சார் வந்தார். முதல் கூடை மணலை நீங்களே போடுங்கம்மா, சாமி உங்களிடம்தானே வந்தது என்றார். அவள் கொஞ்சநேரம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பூவையும் விளக்கையும் எடுத்துத் தள்ளி வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கூடையைப் போட்டாள். வேலை முடிந்ததும் ஜல்லிக் குவியலின் உச்சியில் மறுபடி மஞ்சள், குங்குமம் வைத்தாள். நான் அவருக்கு மனதில் போட்டிருந்த மார்க்கை மூன்றாவது தடவை திருத்தினேன்.

தண்ணீர் இறங்க இறங்க வள்ளம் தரை தட்டியது. ஒருபக்கமாகச் சாய்ந்தபோது எங்கோ ஒரு பலகை முனகியது. அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆட்கள் பனந்தடிகளைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா நடந்தது. நடுவில் கொஞ்சம் தண்ணீர் தேங்கிய சேற்றில் வள்ளம் முட்டுக்கொடுத்து நின்றது, சாமியார் பலகை போட்டு நடந்துபோய் மந்திரித்தார். கரைக்கும் கொஞ்சம் தெளியுங்க சாமி என்று சார் கேட்டுக்கொண்டதால் கரைக்கும் தெளித்தார். முந்தின நாளே கீழ்வீட்டு ஜனங்கள் முழுவதையும் அண்ணாச்சி குடில்களுக்கு ஏற்றிவிட்டிருந்தார். பேச்சியம்மாவின் ஆடுகள் புல்தரையையும் குரோட்டன்ஸையும் மேய்ந்து தீர்த்திருந்தன. தெரு முழுக்க அழைத்தவர்களில் பாதிப்பேர் மழைக்குப் பயந்து வரவில்லை. ஆக்கிய சோறு வீணாகவில்லை, கீழ்வீட்டார் பந்தியில் உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டார்கள். இரண்டாம் பந்தியில் மழை பிடித்தது.

அப்படி ஒரு மழையைத் தேரிக்காடு அடிக்கடி பார்ப்பதில்லை. ஓடை செந்நிறமாக உருண்டு வந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் ஏரி மளமளவென்று ஏறியது. குடில் வாசலிலிருந்து யாரோ கத்தினார்கள், வள்ளம் மிதக்கிறது என்று. மிதந்தது. முட்டுக்கொடுத்த பனந்தடிகள் விலகிப் போக, சாய்ந்து கிடந்த வள்ளம் நிமிர்ந்து, தண்ணீரில் அழகாக ஒரு திருப்பம் திரும்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் அண்ணாச்சியைத் தேடினேன். காணவில்லை.

அவர் கீழே பேச்சியம்மாவின் புழக்கடையில் இருந்தார். குடை காற்றில் மடங்கிப் போயிருந்தது, அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஜல்லிக் குவியலின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாரின் டம்ளரில் தண்ணீரைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளம் மிதக்குது அண்ணாச்சி என்றேன். தலையைத் திருப்பவில்லை. மிதக்கட்டும், இதைப் பாருங்க மேடம் என்று டம்ளரை நீட்டினார். தண்ணீர் தெளிவாக இருந்தது. அவர் கன்னத்தில் ஓடியது மழையா வேறெதுவுமா என்று நான் கேட்கவில்லை. சாயந்திரம் கலிங்கு வழிந்தது. கரை நின்றது.

மழைக்காலம் முடிந்ததும் ஏரியை முழுக்க வற்றவைத்து வேலை பார்த்தோம். கலப்பத்தைப் பிரித்தோம். தண்ணீர்ப் பக்கத்தில் களிமண் போர்த்தினோம். வெளிப்பக்க அடியில் சலித்து வடிகிற மணல், ஜல்லி வடிகால் வைத்தோம். மதகுக்குப் புது ஷட்டர், சுற்றித் திறக்கிற கைப்பிடி. தண்ணீர் எத்தனை உயரத்துக்குமேல் நிற்கக் கூடாது என்று மதகுச் சுவரில் சிவப்புக் கோடு அடித்தோம். எல்லாம் ஆனபிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இன்றைக்கு அண்ணாச்சிக்குப் பயம் இருக்கிறது. நாலு வருஷம் நல்லபடியாகப் போனால் பயம் போய்விடும். விருந்தாளி வருவான், படகு நன்றாக ஓட வேண்டும் என்பான், ஷட்டர் மூடும், கோடு முங்கும். எங்களால் தினமும் வந்து பார்க்க முடியாது, வந்தாலும் கேட்க அதிகாரம் கிடையாது.

அதனால், ஷட்டர் கைப்பிடி பேச்சியம்மாவிடம் இருக்கட்டும் என்றேன்.

இரண்டு ஆண்களும் என்னைப் பார்த்தார்கள். அப்படி ஒரு விதி இல்லீங்களே என்றார் சார். கூடாது என்றும் விதி இல்லையே சார் என்றேன். அண்ணாச்சிக்கு மூக்கு சிவந்துவிட்டது. என் ஏரிக்கு அவளிடம் போய்த் தாக்கோல் கேட்டு, சாவிக்காகக் கையேந்தி நிற்கவா என்றார். ஆமாம், தோணிக்கு உள்ளே இருக்கிற ஆள் அவள்தானே என்றேன். அவர் விறுவிறுவென்று ஏரிப்பக்கம் போய்விட்டார். போனவர் திரும்பி வந்தபோது கையில் கைப்பிடி இருந்தது. அவரே இறங்கிப் போய்க் கொடுத்தார். ஷட்டரை எப்படிச் சுற்றுவது என்று நான் பேச்சியம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

சென்னியப்பன் சார் மாற்றலாகிப் போனார், நான் ஓய்வு பெற்றேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் அண்ணாச்சி என்னை விருந்துக்குக் கூப்பிடுவார், போவேன். போன தடவை நான் போயிருந்தபோது பேச்சியம்மா வாசலில் பாயில் உட்கார்ந்து பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். மும்பையிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள், வள்ளத்தில் போக ஆசைப்படுகிறார்கள், ஷட்டரை மூடி இன்னும் ஒரு முழம் தண்ணீர் ஏற்றினால் நன்றாயிருக்கும், கோட்டைத் தாண்டாது என்று இழுத்தார். பேச்சியம்மா ஓலையிலிருந்து கண்ணை எடுத்து, கடல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"மானம் கருக்கலாட்டம் இருக்கு அண்ணாச்சி. காலைல வாங்க, பாத்துட்டுச் சொல்லுதேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி மேடேறினார். பேச்சியம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கைப்பிடி அவள் பாய்க்கு அடியில் இருந்தது.